கண்ணாடி, காது மெஷின், பல்செட்

வயசானவங்களை ஆஸ்பத்திரியில சேர்த்த அனுபவம் இருக்கறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். பெட் குடுத்த அரை மணி நேரத்துல ஒரு நர்ஸ் வந்து கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூணையும் கழட்டி வீட்டுக்காரங்க கையில குடுத்துடுவாங்க. "தொலைஞ்சா நாங்க பொறுப்பில்ல, வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க." மூணும் ஒரு மஞ்சப்பைக்குள்ள போய் பீரோவுல உக்காந்துக்கும். நாலாம் நாள் அதே நர்ஸ், "பெரியவர் சொல்றதைக் கேக்கவே மாட்டேங்கறாரு, சாப்பிடவும் மாட்டேங்கறாரு"ன்னு புகார் சொல்வாங்க. கண்ணு தெரியாம, காது கேக்காம, மெல்ல முடியாம இருக்கற மனுஷன் வேற என்னங்க பண்ணுவார்?

எங்க பெரியப்பாவுக்கு 83 வயசு. மதுரைப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில தலைமை ஆசிரியரா இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் நிமோனியான்னு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேர்த்தோம். ஆட்டோவுல இருந்து இறங்கி, அக்கா தோளைப் பிடிச்சுகிட்டு நடந்துதான் உள்ள போனார். காய்ச்சல் மூணே நாள்ல இறங்கிடுச்சு. எக்ஸ்ரேயும் தேவலைன்னாங்க. ஆனா பெரியப்பா பெரியப்பாவா இல்லை.

மூணாம் நாள் ராத்திரி எழுந்து உக்காந்து அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டார். முப்பது வருஷத்துக்கு முந்தின பசங்க பேரு, வரிசை மாறாம! யாரும் "உள்ளேன் ஐயா" சொல்லலைன்னு நர்ஸைப் பார்த்து "பெஞ்சு மேல ஏறு"ன்னு அதட்டல். கேக்கறவங்களுக்குச் சிரிப்பு வரும். அக்காவுக்கு அழுகை. கையில இருந்த ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி, மூத்திர டியூபைப் பிடிச்சு இழுத்து, பெட்ஷீட் பூரா ரத்தம். விடியறதுக்குள்ள ரெண்டு கையையும் கட்டில் கம்பியோட கட்டிட்டாங்க. "வயசாயிடுச்சுல்ல, இப்படித்தான் இருக்கும். மறதி நோய் ஆரம்பிச்சிருக்கும்"னு ட்யூட்டி டாக்டர் சொல்லிட்டுப் போயிட்டார். வீட்டுல அன்னைக்கே, யார் வெச்சுப் பார்த்துக்கறதுங்கற பேச்சு ஆரம்பிச்சாச்சு.

அந்த ஆஸ்பத்திரிக்கு வாரம் ரெண்டு நாள் ஒரு டாக்டர் வருவார். சென்னையில முதியோர் மருத்துவம் எம்.டி. படிச்சவர். யாரோ சொல்லி அக்கா போய் அவரைக் கூட்டிட்டு வந்தா. ஸ்டெதாஸ்கோப்பைத் தொடறதுக்கு முன்னாடி அவர் கேட்ட முதல் கேள்வி: "ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஐயா எப்படி இருந்தார்?"

தினம் காலையில லைப்ரரிக்கு நடந்து போய் பேப்பர் படிப்பார், மின்சார பில்லு அவர்தான் கட்டுவார், பேத்திக்குக் கணக்கு சொல்லித் தருவார்னு அக்கா சொன்னா. பக்கத்துல நின்ன நர்ஸம்மா ஆடிப்போய்ட்டாங்க. "நடப்பாரா!" அவங்களைக் குத்தம் சொல்லி என்ன பண்றது, அவங்க பார்த்தது கட்டில்ல கிடந்த ஆளைத்தான். கனடாவுல ராக்வுட்டுங்கற டாக்டரும் அவர் குழுவும் 2005-ல ஒரு நலிவு அளவுகோல் கொண்டு வந்தாங்க. இன்னைக்கு உலகம் பூரா புழங்கற அந்த அளவுகோல்ல 1-ல இருந்து 9 வரை மார்க். 1-ன்னா திடகாத்திரம். அதுல மார்க் போடறது கட்டில்ல கிடக்கற நிலைக்கு இல்லை, நோய் வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி இருந்த நிலைக்கு. அந்தக் கேள்வியோட அர்த்தம் எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது.

அடுத்து, "வீட்டுல சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் பையோட கொண்டு வாங்க"ன்னார். கட்டில் மேலயே கொட்டினார். பதினோரு வகை. அதுல ரெண்டு ஒரே பிரஷர் மாத்திரை! ரெண்டு டாக்டர், ரெண்டு கம்பெனி பேரு, உள்ள இருக்கற மருந்து ஒண்ணு. (நம்ம ஊர்ல பாதிப் பேர் வீட்டு மாத்திரை டப்பாவுல இது இருக்கும்னு பந்தயம் கட்டறேன்.) அப்புறம் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டைப் புரட்டினார். ஒரு சாதாரண சளி மாத்திரையில கை வெச்சு, எங்களைப் பார்த்து மெதுவா விளக்கினார்.

"இந்தச் சளி மாத்திரை சின்ன வயசுக்காரங்களுக்குத் தூக்கம் குடுக்கும், அவ்வளவுதான். இவர் வயசுல மூத்திரத்தை அடைக்கும், மூளையையும் குழப்பும். மூத்திரம் அடைச்சதால டியூப் போட்டாங்க. டியூப் உறுத்துதுன்னு இழுத்தார். இழுக்கறார்னு கையைக் கட்டினாங்க. கட்டினதால கத்தினார். கத்தறார்னு தூக்க ஊசி போட்டாங்க. அது இன்னும் குழப்புது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கு, எல்லாம் சேர்ந்து ஐயாவைப் படுக்கையில போட்டுடுச்சு."

இதுக்குப் பேரு டெலிரியமாம். மறதி நோய் வேற, இது வேற. மறதி நோய் வருஷக்கணக்குல மெல்ல மெல்ல வரும். டெலிரியம் ஒரே நாள்ல, சில சமயம் சில மணி நேரத்துல வரும். காலையில தெளிவா இருப்பாங்க, சாயங்காலம் ஏறிடும். காரணத்தைக் கண்டுபிடிச்சு எடுத்தா பெரும்பாலும் இறங்கிடும். எல்லாரும் கத்திக் கலாட்டா பண்ணவும் மாட்டாங்க. அடுத்த கட்டில்ல ஒரு தாத்தா எப்பவும் சுருண்டு படுத்திருப்பார். தொந்தரவே இல்லாத பேஷண்ட்னு வார்டுல நல்ல பேரு. டாக்டர் போகும்போது அவரைத்தான் கவலையோட பார்த்தார். சத்தம் போடாத டெலிரியம்தான் அதிகமாக் கண்ணுல படாமப் போகுமாம்.

அவர் புதுசா எழுதிக் குடுத்த மருந்து எதுவும் இல்லை. எடுத்ததுதான் அதிகம். சளி மாத்திரை, தூக்க ஊசி, ரெட்டை பிரஷர் மாத்திரை, டியூப், கைக்கட்டு எல்லாம் போச்சு. மஞ்சப்பை வீட்டுல இருந்து திரும்பி வந்துச்சு. மூணு வேளைச் சாப்பாடும் நாற்காலியில உக்கார வெச்சு. ஒரு நாளைக்கு மூணு தடவை வராந்தா கோடி வரைக்கும் நடை. பகல்ல ஜன்னலைத் திறக்கணும், ராத்திரி லைட்டை அணைக்கணும், தூங்கறவரை எழுப்பி ரெண்டு மணிக்கு பிரஷர் பார்க்கக் கூடாது. எதிர்ச் சுவத்துல ஒரு கடிகாரம், ஒரு தினசரி காலண்டர்.

இவ்வளவுதானான்னு அக்காவுக்கே சந்தேகம். ஆனா இது அவர் கைவைத்தியம் இல்லை. அமெரிக்காவுல யேல் ஆஸ்பத்திரியில ஷேரன் இனோய்ங்கற டாக்டர் 70 வயசுக்கு மேற்பட்ட 852 பேரை வெச்சுப் பண்ணின ஆய்வு 1999-ல வந்துச்சு. கண்ணாடி, காது, தூக்கம், தண்ணி, நடை, பேச்சுத் துணைன்னு இதே சமாச்சாரங்கள்தான். வழக்கமான கவனிப்புல 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்துச்சு, இப்படிக் கவனிச்ச வார்டுல 9.9 சதவீதம்.

நடைக்கு ஏன் அவ்வளவு அழுத்தம் குடுத்தார்னா, அதுக்கும் கணக்கு இருக்கு. ஆரோக்கியமான முதியவங்க 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலயே வெச்சுப் பார்த்தாங்க. 2007-ல வந்த ஆய்வு அது. காலுல இருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை கரைஞ்சு போச்சு. நோயே இல்லாதவங்களுக்கு இந்தக் கதின்னா நிமோனியா வந்தவருக்கு? நாமதான் "பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்"னு போர்வையை இழுத்து விடறோம்.

இது ஒண்ணும் புதுசு இல்லைங்க. லண்டன் பக்கத்துல மார்ஜரி வாரன்னு ஒரு அம்மா. 1935-ல ஏழைகள் விடுதியோட சேர்ந்த ஆஸ்பத்திரியில, தேறாத கேஸ்னு வருஷக்கணக்கா ஒதுக்கி வெச்சிருந்த 714 பேர் அவங்க பொறுப்புல வந்தாங்க. ஒவ்வொருத்தரையா பரிசோதிச்சு, எழுப்பி, உக்கார வெச்சு, நடக்க வெச்சு, நிறையப் பேரை வீட்டுக்கே அனுப்பினாங்க. முதியோர் மருத்துவம் தனித் துறையா வளர்ந்ததுக்கு அந்த அம்மாவைத்தான் சொல்றாங்க.

நம்ம ஊரும் இதுல பின்தங்கலை. சென்னை அரசு பொது மருத்துவமனையில டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-லயே முதியவங்களுக்குன்னு புறநோயாளிப் பிரிவு ஆரம்பிச்சார். 1996-ல சென்னை மருத்துவக் கல்லூரியில இதுக்கு எம்.டி. படிப்பே வந்துச்சு, இந்தியாவுல முதல் தடவையா. எங்க டாக்டர் வந்த வழி அதுதான். 2024 பிப்ரவரியில கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்துல 200 படுக்கையோட தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தாங்க. மத்திய அரசோட முதியோர் நலத் திட்டத்துல மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கும் 10 படுக்கை வார்டு உண்டு.

தனியார்ல ஏன் இது பரவலைங்கறதுக்கு என் அபிப்பிராயம் ஒண்ணு இருக்கு. ஸ்கேனுக்கு பில் போடலாம், ஐசியூவுக்கு பில் போடலாம். ஒரு பெரியவரை வராந்தா கோடி வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போனதுக்கு என்னன்னு பில் போடுவாங்க? மாத்திரையை நிறுத்தினா பார்மசிக்கு நஷ்டம் வேற :-)

பெரியப்பாவுக்கு நாலாம் நாள் தெளிஞ்சுது. டாக்டர் வழக்கம்போல "ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?"ன்னு கேட்டதுக்கு, "காலண்டர்ல நேத்துத் தாளையே இன்னும் கிழிக்கலையே தம்பி"ன்னார். வார்டே சிரிச்சுது. ஆனா கால் அவ்வளவு சீக்கிரம் திரும்பலை. நாற்காலியில இருந்து எழுந்து மூணு மீட்டர் நடந்து திரும்பி வந்து உக்காரணும், அது ஒரு டெஸ்ட். 12 விநாடி தாண்டினாலே விழற அபாயம்னு கணக்கு. டிஸ்சார்ஜ் அன்னைக்கு அவருக்கு 41 ஆச்சு. ரெண்டு மாச பிசியோதெரபிக்கு அப்புறம் 19. லைப்ரரிக்கு இப்ப நடக்க முடியலை. வாக்கரோட தெருமுனை வரைக்கும் போறார், பேப்பரை வீட்டுக்கே வரவழைச்சுக்கறார். மூணு நாள் கட்டிப் போடாம இருந்திருந்தா லைப்ரரியும் மிஞ்சியிருக்கும்னு அக்கா இன்னமும் சொல்வா. டாக்டர்கிட்ட கேட்டேன். ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை.

அக்கா இப்ப ஒரு பை தயாரா வெச்சிருக்கா. மாத்திரைப் பட்டியல், கண்ணாடி, காது மெஷினுக்கு உபரி பேட்டரி, பல்செட் டப்பா. மேல ஒரு அட்டை, பெரியப்பா கையெழுத்துலயே: "இந்தப் பை நோயாளியிடமே இருக்க வேண்டும்." கீழ ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்னு கையெழுத்து, தேதியோட.