அடியில் இருக்கும் பெயர்

அக்டோபர் 10, செவ்வாய்
கிங்காயிட்டிலிருந்து கடைக்குப் பெட்டி வந்தது. பாஃபின் தீவை ஒட்டிய சிறு தீவில் இருக்கும் அந்த ஊருக்குச் சாலை கிடையாது. கோடையில் கப்பல், மற்ற நாளெல்லாம் விமானம்தான். பிரித்ததும் முதலாளியம்மா சிற்பத்தைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தார். முக்கோணமும் கொக்கியுமாக இனுவிட் மக்களின் இனுக்டிடுட் மொழி எழுத்தில் செதுக்கியவர் பெயர். அதைப் பேரேட்டில் ஏற்றிய பிறகுதான் நிமிர்த்தி வைத்தார்: ஒற்றைக் காலில் ஆடும் பனிக்கரடி, கரும்பச்சை சர்ப்பன்டைன் கல். வருகிறவர்கள் எல்லாக் கல்லையும் மாக்கல் என்றே சொல்கிறார்கள். மாக்கல் நகம் பட்டாலே கீறும். நாம் கல்சட்டி செய்தது போல இனுவிட் மக்கள் அதில் சட்டியும் விளக்கும் செய்தார்கள். இந்தக் கரடியின் கல் அதைவிடக் கடினம். அதனால்தான் அந்த ஒற்றைக் கணுக்கால் இவ்வளவு கனத்தையும் தாங்குகிறது.

அக்டோபர் 12, வியாழன்
விமான நிலையத்தில் வாங்கிய கரடிக்கு மதிப்புக் கேட்டு ஒருவர் வந்தார். கையில் வாங்கியதுமே தெரிந்தது, கல்லின் குளிர்ச்சி இல்லை. வயிற்றோரம் அச்சில் வார்த்த கோடு. பிசின் பொம்மை! அசல் இனுவிட் வேலைக்கென்று 1958இல் கனடா அரசு கொண்டுவந்த பனிவீட்டுப் படச் சீட்டு இருக்கிறது. 2017 முதல் இனுவிட் கலை அறக்கட்டளை அதைக் கவனிக்கிறது. சொன்னேன். கேட்டதாகத் தெரியவில்லை.

அக்டோபர் 13, வெள்ளி
இன்று முதலாளியம்மாவுக்கும் அவர் மகனுக்கும் சண்டை. சுவர்க் குறிப்பில் மகன், "ஜேம்ஸ் ஹூஸ்டன் 1948இல் கண்டுபிடித்த கலை" என்று எழுதியிருந்தார். ஹூஸ்டன் வடக்கே போய் வாங்கிவந்த சிற்பங்கள் 1949 நவம்பரில் மொன்றியலில் மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்தது உண்மைதான். ஜப்பானுக்குப் போய் அச்சுக்கலை பயின்று வந்து கிங்காயிட்டில் சொல்லிக்கொடுத்தவரும் அவரே.

"கண்டுபிடிக்கிறதுக்கு அவங்க என்ன தொலைஞ்சா போயிருந்தாங்க?" என்றார் அம்மா.

மருமகள் நடுவில் புகுந்து "சந்தைக்குக் கொண்டுவந்த" என்று திருத்தினார். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. குறிப்பு செதுக்கியவரிடமிருந்தல்லவா தொடங்க வேண்டும்! குடும்பச் சண்டையில் சம்பளக்காரி எதற்கு வாய் திறக்க?

அக்டோபர் 17, செவ்வாய்
பாட்டி வைத்துவிட்டுப் போனது என்று ஒரு பெண் சிறிய வேட்டைக்காரன் சிலையைக் கொண்டுவந்தாள். அடியில் பெயரில்லை, 'ஈ7' என்று தொடங்கும் எண்தான். அதிகாரிகளுக்கு இனுவிட் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்பதற்காக 1940-களில் ஆளுக்கு ஓர் எண் பொறித்த வில்லை கொடுத்திருக்கிறார்கள். கிழக்குப் பகுதியினருக்கு 'ஈ', மேற்குப் பகுதியினருக்கு 'டபிள்யூ'. 1970 வாக்கில் ஏப் ஒக்பிக் என்பவர் ஊர் ஊராகப் போய்க் குடும்பப் பெயர்களைப் பதிந்த பிறகே இந்த முறை ஒழியத் தொடங்கியது. முதலாளியம்மா பழைய பட்டியல்களைப் புரட்டி, அந்த எண்ணுக்கு உரியவரைப் பிடித்துவிட்டார். விலை பேச வந்தவள், பெயரைக் குறித்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று சிலையோடு கிளம்பிவிட்டாள். மகனுக்கு முகம் சுண்டிப்போனது.

அக்டோபர் 21, சனி
கிங்காயிட் ஆண்டு அச்சுத் தொகுப்பு வெளியீடு. 1959இல் தொடங்கிய வழக்கம். வந்தவர்களில் பாதிப்பேர் ஆந்தை கேட்டார்கள். ஓவியர் கெனோஜுவாக் 1960இல் வரைந்த ஆந்தை 1970இல் தபால்தலையிலும் ஏறியதிலிருந்தே இப்படித்தானாம். ஆந்தைகள் மதியத்துக்குள் தீர்ந்தன. சமையலறையையும் தொலைக்காட்சியையும் வரைந்த ஆனி பூட்டூகுக்குக்கு 2006இல் சோபி கலை விருதே கிடைத்தது. ஆனாலும் எங்கள் கடையில் ஸ்கிடூ பனிவண்டியைப் பழுதுபார்க்கும் பெண்ணின் பென்சில் ஓவியத்தை இன்று ஒருவர்கூட விலை கேட்கவில்லை. மகன் அதை உள்ளறைக்கு எடுத்துப் போனார். அம்மா திரும்ப வாங்கி வந்து, தெருப்பக்கக் கண்ணாடியில் மாட்டச் சொன்னார். ஏணி எடுக்கப் போனேன்; மருமகள் அதன்மேல் நின்று விற்ற படங்களை இறக்கிக்கொண்டிருந்தார்.