டர்ஹாமில் பார்த்த பேஸ்பாலும் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனும்

அன்புள்ள பிள்ளைகளே, சொந்தங்களே,

மகள் வீட்டுக்கு அமெரிக்கா வந்ததிலிருந்து "டீச்சர், அங்கே என்ன பார்த்தீங்க, எழுதுங்க" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். நயாகராவைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் எழுதப் போவது பேஸ்பால் பற்றி. சிரிக்காமல் கடைசிவரை படியுங்கள். முடிவில் உங்களிடம் ஒரு உதவி கேட்க வேண்டியிருக்கிறது.

மகள் இருப்பது வட கரோலினா மாநிலத்தில் கேரி என்ற ஊர். அங்கிருந்து காரில் அரை மணி நேரம் போனால் டர்ஹாம். ஒரு காலத்தில் புகையிலையால் வளர்ந்த ஊர் அது. பழைய சிகரெட் ஆலைக் கட்டடங்கள் இப்போது அலுவலகங்களாகவும் சாப்பாட்டுக் கடைகளாகவும் மாறியிருக்கின்றன. அவற்றை ஒட்டியே 1995-இல் திறந்த பேஸ்பால் மைதானம் இருக்கிறது. இடது பக்கச் சுவர் மேலே பெரிய காளை ஒன்று நிற்கிறது. பந்து அதன் மேல் பட்டால் அடித்தவருக்கு ஒரு ஸ்டேக் சாப்பாடு பரிசாம். புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். மகள் முறைத்த முறைப்பில் பேசாமல் காரில் ஏறிவிட்டேன்.

அன்று நடந்தது கல்லூரி அணிகளுக்கான அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட். சுருக்கமாக ஏ.சி.சி. என்கிறார்கள். நம்மூரில் ஜோனல் போட்டி நடக்கிறதல்லவா, அதுபோல ஒரு கூட்டமைப்பு. 1953-இல் ஆரம்பித்தது. டியூக், வட கரோலினா, என்.சி. ஸ்டேட், வேக் ஃபாரஸ்ட், கிளெம்சன் எல்லாம் ஆரம்பத்திலிருந்தே இருப்பவை. முதல் இருபது வருடம் தனியாக டோர்னமென்ட் கிடையாது. சீசன் முழுக்க யார் அதிகம் ஜெயித்தார்களோ அவர்களுக்கே பட்டம். 1973-இல்தான் சீசன் முடிவில் ஒரு டோர்னமென்ட் வைத்துச் சாம்பியனைத் தீர்மானிக்க ஆரம்பித்தார்கள். முதல் மூன்று வருடமும் என்.சி. ஸ்டேட்தான் சாம்பியன். இப்போது இதில் ஜெயிக்கிற அணி, 64 அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்கு நேராகப் போய்விடும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது பேரன். அவன் சொன்னதில் என்னைப் பிடித்துக்கொண்டது ஆட்ட விதிதான். கணக்கு டீச்சர் புத்தி போகுமா?

2006 வரை இரண்டு தோல்வி முறை இருந்தது. ஒரு முறை தோற்றால் வெளியேற வேண்டாம், இரண்டாவது முறை தோற்றால்தான் மூட்டை கட்ட வேண்டும். பேஸ்பாலில் இதற்கு ஒரு நியாயம் உண்டு. அன்றைக்கு ஒரு பிட்சருக்குக் கை நன்றாக வந்துவிட்டால், சுமாரான அணிகூட முதலிடத்து அணியைச் சாய்த்துவிடும். ஒருநாள் ஆட்டத்தை மட்டும் வைத்து எந்த அணி நல்ல அணி என்று சொல்ல முடியாது.

2007-இல் இதை மாற்றி எட்டு அணிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒவ்வொரு அணிக்கும் நிச்சயமாக மூன்று ஆட்டம். 2017-இலிருந்து பன்னிரண்டு அணிகள், மூன்று மூன்றாக நான்கு பிரிவுகள். பிரிவில் மூன்று அணியும் ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்தால், சீசனில் முன்னால் இருந்த அணிக்கே அரையிறுதி. நான் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். பின்னால் இருக்கிற அணி ஒன்றில் தோற்றாலே கதை முடிந்தது. அடுத்த ஆட்டத்தைச் சும்மா ஆட வேண்டியதுதான். 2025-இல் அதையும் மாற்றிவிட்டார்கள். கூட்டமைப்பில் இப்போது 18 கல்லூரிகள். பேஸ்பால் அணி உள்ள பதினாறும் ஆடலாம். ஆனால் ஒரு தோல்வி என்றால் வீடு. சீசனில் முதல் நான்கு இடம் பிடித்தவர்கள் நேராகக் காலிறுதிக்கு வருகிறார்கள். ஆக, வருடம் முழுக்க உழைத்ததற்கும் ஒரு மதிப்பு வைத்திருக்கிறார்கள்.

இடையில் டோர்னமென்ட் இடம் மாறியதும் நின்றதும் உண்டு. எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று திருநரைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றை இந்த மாநிலம் 2016-இல் கொண்டுவந்தது. அதனால் 2017 டோர்னமென்ட்டை டர்ஹாமிலிருந்து எடுத்து, கென்டக்கியில் உள்ள லூயிவில் நகருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 2020-இல் கொரோனாவால் நடக்கவே இல்லை.

இந்த மைதானத்தில் இன்றும் பேசுகிற ஆட்டம் 2013 மே மாதம் நடந்தது. வட கரோலினாவும் என்.சி. ஸ்டேட்டும் மோதின. இரண்டு கல்லூரிக்கும் நடுவே காரில் அரை மணி, முக்கால் மணி தூரம்தான். பங்காளிச் சண்டை மாதிரி. 11,392 பேர் கூட்டம். ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் பதினெட்டு இன்னிங்ஸ் போய், நள்ளிரவைத் தாண்டி முடிந்தது. என்.சி. ஸ்டேட்டின் கார்லோஸ் ரோடோன் பத்து இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ஹிட்தான் கொடுத்தார். அப்படியும் அவர் அணி 2-1 என்று தோற்றது. வட கரோலினா மறுநாள் பட்டத்தையும் வாங்கிவிட்டது. என்.சி. ஸ்டேட் இந்தப் பட்டத்தை வாங்கி 1992-க்குப் பிறகு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. சில வாரத்தில் இரண்டு அணியும் ஒமஹாவில் நடந்த தேசிய இறுதிச் சுற்றுக்குப் போய், முதல் ஆட்டத்திலேயே மறுபடி மோதின. அங்கே என்.சி. ஸ்டேட் ஜெயித்தது. இரண்டு வருடம் கழித்து இன்னொரு ஆச்சரியம். 2015-இல் வர்ஜீனியா அணிக்கு டர்ஹாமில் பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் தேர்வுக் குழு முழு சீசனையும் பார்த்து அவர்களைத் தேசியப் போட்டிக்கு எடுத்தது. அந்த வருடம் தேசியச் சாம்பியன் அவர்கள்தான். ஏ.சி.சி. அணி ஒன்று அதை வென்றது 1955-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

நாங்கள் பார்த்தது முதல் சுற்று ஆட்டம். தோற்ற அணியில் ஒரு பையன் எல்லாரும் எழுந்து போன பிறகும் பெஞ்சிலேயே உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். "இனிமே இவங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று பேரனிடம் கேட்டேன். "குழு கூப்பிட்டா இன்னும் ஆடலாம் பாட்டி" என்றான். எனக்கு அங்கேயே மனசு கனத்துவிட்டது. ஏன் என்று இதுவரை வீட்டிலும் சொல்லவில்லை.

1991-இல் ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். காலாண்டிலும் அரையாண்டிலும் கணக்கில் அறுபதுக்கு மேல். ஆண்டுத் தேர்வுக்கு முன் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டான். எழுந்து வந்து எழுதி 28 மார்க். புரமோஷன் பட்டியல் போடும்போது "இந்தப் பையனை என்ன செய்யலாம் டீச்சர்?" என்று தலைமையாசிரியர் என்னைத்தான் கேட்டார். கையில் மார்க் ரிஜிஸ்டர் இருந்தது. முந்தின பக்கத்தைப் புரட்டியிருந்தால் போதும். "ஒருத்தனுக்குச் செஞ்சா எல்லாரும் கேப்பாங்க சார்" என்றேன். நிறுத்திவிட்டார்கள்.

அவன் அம்மா வீட்டுக்கு வந்தார். "ஒரு வருஷம்தானேம்மா, நல்லா உட்கார்ந்து படிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஜூனில் அவன் வரவில்லை. போர் போடும் லாரியில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் தேடிப் போகவில்லை. கண்டிப்பான டீச்சர் என்று ஊரில் எனக்குப் பெயர். அந்தப் பெயரை நானும் விரும்பினேன்.

அவன் பெயரை இங்கே எழுத மாட்டேன். அந்த வருடம் 9 'ஆ' பிரிவில் இருந்தவர்களுக்குத் தெரியும். கமெண்டில் யாரும் பெயர் போடாதீர்கள். தொடர்பில் இருந்தால், டீச்சர் பேச விரும்புகிறார் என்று முதலில் அவரிடம் கேளுங்கள். இப்போது அவருக்கு ஐம்பதை நெருங்கியிருக்கும். சரி என்றால் நம்பரை இன்பாக்ஸில் அனுப்புங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம், அது அவர் உரிமை. நான் ஆகஸ்டில் ஊருக்கு வருகிறேன். வரச் சொன்னால் நானே அவர் வீட்டுக்குப் போவேன்.

உங்களில் பதினேழு பேர் இன்று ஆசிரியர்கள் என்று எண்ணி வைத்திருக்கிறேன். அடுத்த முறை பட்டியல் உங்கள் கைக்கு வரும்போது, கையெழுத்துப் போடும் முன் முந்தின பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்