சாடியும் பீப்பாயும்

சங்கராபுரத்தில் 'பார்' என்றால் அதற்கு ஒரே பொருள்தான். அரசு மதுக்கடையை ஒட்டி ஒரு கொட்டகை, சில பிளாஸ்டிக் மேசைகள், டம்ளர், தண்ணீர் பாக்கெட், தட்டில் சுண்டல் அல்லது ஆம்லெட் என்று அமைந்த இடத்திற்கே அங்கும், கச்சிராயபாளையம், சின்னசேலம் முதலிய சுற்றுவட்டார ஊர்களிலும் அப்பெயர் வழங்குகிறது. 'குவார்ட்டர்' எனப்படும் 180 மில்லிலிட்டர் புட்டியை வாங்கி, பல நேரங்களில் இருவர் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, தண்ணீர் கலந்து, இரண்டு மூன்று மடக்கில் முடித்துவிட்டு எழுந்து போவதே நடைமுறை. அந்தப் பாதிப் பங்குக்கு 'கட்டிங்' என்று பெயர். அங்கே ஊர்ப் பேச்சு உண்டு, அரசியல் உண்டு, சண்டையும் உண்டு. குடிக்கும் பொருளின் ருசியைப் பற்றிய பேச்சு மட்டும் எழுவதே இல்லை என்பதை உற்றுக் கவனிப்பவர், அப்பொருள் ருசிப்பதற்காகச் செய்யப்பட்டதன்று என்பதை எளிதில் உணர்வார்.

அதே ஊரிலிருந்து திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகக் கட்டட வேலைக்கும் கணினி வேலைக்கும் பெங்களூர் செல்வோர் அங்கே காண்பது முற்றிலும் வேறொரு மதுக்கூடம். 'பப்' என்பது பொது இல்லம் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம்; ஒருவர் தம் வீட்டின் முன்கட்டை ஊராருக்குத் திறந்துவிட்ட பழைய இங்கிலாந்து வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. ஆகவே பப் என்ற கருத்தில் மதுவைவிட வீடே முன்னிற்கிறது. பழைய பப்புகளைப் புதுப்பிக்கும்போது பிரிட்டிஷார் காட்டும் கவனத்திற்கும் இதுவே காரணம். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த 'கிரவுன்' மதுக்கூடத்தை, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் 'நேஷனல் டிரஸ்ட்' என்னும் அமைப்பு 1978இல் வாங்கி, அதன் வண்ண ஓடுகளையும், எரிவாயு விளக்குகளையும், கதவு வைத்த சிறு மர அறைகளையும் பழைய நிலைக்கே கொண்டுவந்தது. பெங்களூரிலோ பழைய பங்களாக்களின் சுவரை உடைத்துக் கண்ணாடி பதித்து, கூரையை உயர்த்திப் புது மதுக்கூடங்கள் ஆக்குகிறார்கள். இவ்விரண்டில் எது சிறந்த புதுப்பிப்பு என்பது கண்ணுக்குத் தெரியும் அலங்காரத்தைக் கொண்டு முடிவாவதன்று. கூடத்திற்குக் கீழே, பியர் ஓய்வெடுக்கும் நிலவறை என்ன நிலையில் இருக்கிறது என்பதைக் கொண்டே முடிவாகும்.

இதை விளக்க 'ரியல் ஏல்' என்னும் சொல்லை அறிய வேண்டும். பியர் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, அதன் இனிப்பு நீரை வடித்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் கசப்புப் பூக்களோடு கொதிக்கவிட்டு, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவைத்த பானம். மிதமான சூட்டில், மேலே நுரைத்தெழும் ஈஸ்டால் நொதிப்பது ஏல். குளிரில், அடியில் படியும் ஈஸ்டால் மெதுவாக நொதிப்பது லாகர். இந்தியக் கடைகளில் புட்டியில் கிடைப்பவை பெரும்பாலும் லாகர் வகையே. ஏலைப் பீப்பாயில் அடைத்த பிறகும் அதனுள் ஈஸ்ட் உயிரோடிருந்து இரண்டாம் முறை மெல்ல நொதித்து, வெளியிலிருந்து வாயு எதுவும் செலுத்தாமல் அப்பீப்பாயிலிருந்தே பரிமாறப்பட்டால்தான் அது ரியல் ஏல். 1960களில் பெரிய ஆலைகள் பியரை வடிகட்டி, சூடேற்றி, ஈஸ்டைக் கொன்று, கரியமில வாயுவை ஏற்றி உலோகக் கலங்களில் பெருமளவில் அனுப்பத் தொடங்கியபோது, அதனை எதிர்த்து 1971இல் நான்கு இங்கிலாந்து இளைஞர்கள் தொடங்கிய 'காம்ரா' இயக்கமே இச்சொல்லை உலகறியச் செய்தது. இட்லி மாவு பொங்குவதை நாள்தோறும் பார்க்கும் தமிழ்க் குடும்பத்தாருக்கு இந்த எதிர்ப்பின் நியாயத்தை நீட்டி விளக்கத் தேவையில்லை. புளிப்பை நிறுத்திப் பொட்டலத்தில் அடைத்த மாவுக்கும் இரவு அரைத்து வைத்த மாவுக்கும் உள்ள வேறுபாடுதான் இது.

ரியல் ஏலைக் கோப்பையில் ஊற்றுவதே ஒரு தனி வேலை. மேசைப் பலகையின் மேல் நிற்கும் நீண்ட மரக்கைப்பிடியை ஊழியர் அவசரமின்றித் தம் பக்கம் இழுக்க, நிலவறைப் பீப்பாயிலிருந்து பியர் வளைந்த குழாய் வழியாக ஏறிவந்து கோப்பையின் அடியில் சுழல்கிறது. 'பைன்ட்' எனப்படும் 568 மில்லிலிட்டர் கோப்பை நிரம்ப இரண்டு மூன்று இழுப்புகள் வேண்டும். முதலில் அது கலங்கலாகத் தோன்றும். சற்றுப் பொறுத்தால் நுரை மேலே ஒதுங்கி, அடியிலிருந்து பொன்னிறம் தெளிந்து வரும். பீப்பாய்க்குள் ஈஸ்ட் படிவதற்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஒரு பசையைச் சேர்ப்பது அங்குள்ள மரபு. கலங்கிய குளத்து நீரைத் தெளியவைக்கக் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்த தமிழ்நாட்டுக் கிராமத்தார் அதே வேலையை மீனில்லாமலே செய்தார்கள். நிலவறையின் சூடு 11 முதல் 13 டிகிரி வரை இருக்க வேண்டும், பீப்பாயைத் திறந்தால் ஏறக்குறைய மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். 'கூலிங்' இல்லாத பியரைத் திருப்பித் தரும் பழக்கமுடையவர்களுக்கு இந்த இளங்குளிர்ச்சி முதல் மடக்கில் குறையாகவே படும். ஆனால் கடுங்குளிர் நாக்கை மரக்கச் செய்து மோசமான பியரின் குற்றங்களை மறைத்துவிடுகிறது என்பதும், ஐஸ் போன்ற பியரை விரும்பும் பழக்கம் அக்குற்றங்களோடு சேர்ந்தே வளர்ந்தது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

இந்தியாவில் இவ்வகை அக்கறை 'கிராஃப்ட் பியர்' என்ற பெயரில் வந்தது. சிறிய அளவில், கைத்திறனோடு நொதிக்கவைக்கும் பியர் என்பது இதன் பொருள்; இங்கே பல கூடங்கள் அதை விற்கும் இடத்திலேயே செய்து பரிமாறுகின்றன. 2009இல் புனேயில் 'டூலாலி'யும், 2010இல் பெங்களூர் இந்திராநகரில் 'டாய்ட்'டும் தொடங்கின. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் எஃகுத் தொட்டிகள் நிற்க, இப்பால் மேசைகளில் கோதுமைப் பியர் வந்து இறங்குகிறது; அதன் ஈஸ்டே இயல்பாக எழுப்பும் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் தமிழ் மூக்குக்கு உடனே பிடிபடும். கேழ்வரகு சேர்த்த பியரும் சில கூடங்களில் அவ்வப்போது வருவதுண்டு. வடிகட்டாமல், சூடேற்றாமல் தருவதால் இதில் உயிர் இருக்கிறது. எனினும் பெரும்பாலும் வாயுவின் அழுத்தத்தாலேயே இது குழாய்க்கு வருவதால், காம்ராவின் இலக்கணப்படி இதனை ரியல் ஏல் என்று சொல்ல இயலாது. விலையும் குறைவன்று, சங்கராபுரத்திலிருந்து சென்று அந்தச் சுவர்களைக் கட்டிய கொத்தனார் அங்கே உட்கார்ந்து ஒரு கோப்பை குடிப்பது அரிது. 'இந்தியா பேல் ஏல்' என்று பலகையில் எழுதியிருப்பதைக் கண்டு பெருமைப்படுவோரும் உண்டு. அது இந்தியாவில் பிறந்ததன்று. இங்கிருந்த வெள்ளையருக்காக இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது.

பெங்களூர்ப் பேருந்து கடந்து செல்லும் செங்கம், சங்க இலக்கியத்தில் செங்கண்மா என்று வழங்கிய, நன்னன் என்னும் குறுநில மன்னனின் தலைநகராகக் கருதப்படுகிறது. அவனைப் பாடிய மலைபடுகடாம், மலைவாழ் மக்கள் விருந்தினருக்கு மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேன்கள்ளின் தெளிவைத் தந்ததையும், மறுநாள் விடியலில் அந்த மயக்கம் தீர மோரும் புளியும் சேர்ந்த உலையில் வெந்த மூங்கிலரிசிச் சோற்றை இறைச்சியோடு இட்டதையும் சொல்கிறது. பீப்பாயில் முதிரவைத்தல் என்னும் நுட்பம் சங்கராபுரத்தை அடுத்த கல்வராயன் மலைக்கு அண்மையிலுள்ள ஒரு நாட்டில் மூங்கிலைக் கொண்டு நடந்திருக்கிறது என்பதை அறிய இந்த ஒரு பாட்டே போதும். அப்பானத்தின் பெயரான 'தேறல்', தேறு என்னும் வினையிலிருந்து வந்து தெளிந்தது என்று பொருள்படுவதையும், மேலே சொன்ன கோப்பை அடியிலிருந்து தெளிவதையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே தொழிலின் சொற்கள் என்பது புரியும்.

மற்றொரு சங்கப் பாட்டான பெரும்பாணாற்றுப்படை இன்னும் நெருங்கிச் சென்று செய்முறையையே தருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, நல்ல அடையைப் பிசைந்து கலந்து, உறுதியான வாயுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருந்து, பச்சை வாடை போக விளைந்தபின் விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். அந்த அடையை நெல்முளையால் ஆனது என்று உரைகாரர் கொள்வது சரியானால், பார்லிக்குப் பதில் நெல்லும், ஆலைக்குப் பதில் வீடும் இருப்பதைத் தவிர இதற்கும் பியருக்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த கல்வராயன் மலைச் சரிவுகளில் இவ்வகைத் தொழிலுக்கு வேண்டிய தானியத்திற்குக் குறைவே இருந்திருக்காது.

இன்று அம்மலையோடு சேர்த்துச் செய்தித்தாள்கள் எழுதும் சொல் 'ஊறல்' என்பதுதான். வெல்லம், வேலம்பட்டை முதலியவற்றைத் தண்ணீரில் போட்டுப் புளிக்கவிட்ட கலவை அது. காய்ச்சி வடித்தால் சாராயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விற்ற சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, உயிரைக் குடித்தது ஊறலன்று. தொழிற்சாலைக் கரைப்பானான மெத்தனால் அதில் கலந்திருந்தது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை முதலில் தாக்குகிறது. நொதித்தலின் பழைய அறிவு அற்றுப்போய், போதையின் அளவு மட்டுமே கணக்காகிவிட்ட இடத்தில்தான் இத்தகைய சரக்கு விலைபோகிறது.

இந்தக் கணக்குக்குச் சட்டமும் துணைநிற்கிறது. ஏறக்குறைய 5 விழுக்காடு ஆல்ககால் உடைய பனங்கள், காலையில் இறக்கி மாலைக்குள் புளித்துவிடும் உயிருள்ள பானம். 1987 முதல் தமிழ்நாட்டில் அதை இறக்குவதும் விற்பதும் குற்றம். 42.8 விழுக்காடு கொண்ட பிராந்தியும் ரம்மும் அரசுக் கடையிலேயே கிடைக்கும். குடியே வேண்டாம் என்பவர்களின் வாதம் வலுவானது, கருணாபுரத்துக்குப் பிறகு அதை எளிதில் மறுக்கவும் முடியாது. ஆனால் மெல்லியதைத் தடுத்துக் கடியதை விற்கும் ஏற்பாட்டுக்கு அந்த வாதத்திலும் இடமில்லை. பெரும்பாணாற்றுப்படை சொல்லும் சாடியை இன்று சங்கராபுரத்து வீடு ஒன்றின் பின்கட்டில் யாரேனும் வைத்தால், 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். இரண்டாம் இரவு முடியும்வரை காத்திராமல், அதற்கும் ஊறல் என்றே பெயரிட்டு, கண்ட இடத்திலேயே கொட்டி அழிப்பார்கள்.