பத்தில் ஒன்று

தோட்டம் வைத்திருப்போர்க்கு இயல்பாகவே ஒரு பெருமை உண்டு. வீட்டுக்கு வருவோரையெல்லாம் கொல்லைப்புறம் அழைத்துச் சென்று, "இவையெல்லாம் நம் கையால் வளர்ந்தவை" என்று காட்டி மகிழ்வர். நாமும் இதற்கு விலக்கல்லோம். தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூரில், நம் வீட்டின் பின்னே அரைக் கிரவுண்டு நிலம் இருக்கிறது. ஒரு மா, ஒரு தென்னை, இரண்டு முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி. இடையிடையே கத்தரியும் வெண்டையும் அவரையும். ஒரு மூலையில் உறைக்கிணறு. இந்தச் சிறு நிலம் நமக்குக் கற்பித்த பாடத்தை ஈண்டு எழுதத் துணிகிறோம். அதில் நமக்குப் பெருமை தருவது குறைவு. வெட்கம் தருவதே மிகுதி. ஆயினும் பிறருக்குப் பயன்படக்கூடும் என்பதால் மறைக்காமல் எழுதுகிறோம்.

நம் பகுதியின் பருவங்களை அன்பர்கள் அறிவர். அக்னி நட்சத்திரத்தில் மண் வெடிக்கும். ஆடியில் மாலை நேரத்து இடிமழை பெய்து மண்ணைப் பதப்படுத்தும், விதைப்பு தொடங்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை ஆண்டின் பெரும்பகுதி நீரைக் கொண்டுவந்து கொட்டும். மார்கழிப் பனியில் அவரை பூக்கும். இந்த வரிசை என்றும் மாறாது என்று நம்பித்தான் நாம் தோட்டம் போட்டோம்.

2015-ஆம் ஆண்டு அந்த நம்பிக்கையை அசைத்தது. டிசம்பர் 1-ஆம் நாள் தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக ஒரே நாளில் இறங்கிற்று. மேற்கே முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து மக்களை மாடியேற்றியது. அவர்கள் பட்ட துயரோடு ஒப்பிட்டால் நம் இழப்பு பேசத் தக்கதன்று. கொல்லையில் மூன்று நாள் நீர் நின்றது, அவ்வளவே. ஆனால் நீர் தேங்கினால் வேருக்குக் காற்றுக் கிட்டாது. பப்பாளி முதலில் வாடிச் சாய்ந்தது. முருங்கைகள் அழுகின. கறிவேப்பிலை இலையுதிர்த்துப் பட்டுப்போயிற்று. தை பிறந்ததும் மண்ணைக் கொத்தி ஆற்றி, எருவிட்டு, மறுபடியும் நட்டோம்.

அடுத்த ஆண்டே, 2016 டிசம்பர் 12-இல், வர்தா புயல் வந்தது. மா வேரோடு சாய்ந்தது. புதிதாக ஊன்றிய முருங்கைகள் பாதியில் முறிந்தன. நாம் சோர்ந்துவிடவில்லை. முறிந்த முருங்கையை அடியோடு வெட்டிவிட்டோம். இரண்டே மாதத்தில் அடிக்கட்டை துளிர்த்தது. மாவின் இடத்தில் ஒட்டுக்கன்று வைத்தோம். வீழ்ந்தும் எழுந்தோம் என்ற எண்ணம் நம் உள்ளத்தில் வேரூன்றிற்று. விடாமுயற்சியும் பொறுமையுமே தோட்டம் தரும் பாடம் என்று நண்பர்களிடம் பேசித் திரிந்தோம். உண்மையில் நம்மிடம் வளர்ந்தது பொறுமையன்று, "நம் தோட்டம், நம் உழைப்பு, நம் கிணறு" என்னும் எண்ணமே. அதை அப்போது நாம் அறியவில்லை.

2018-இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டிய நிலை சென்னைக்கு ஏற்பட்டது. புறநகரில் லாரித் தண்ணீருக்காகப் பெண்கள் நள்ளிரவிலும் குடங்களுடன் காத்துக் கிடந்தனர். நம் தெருவில் ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. நம் உறைக்கிணற்றில் மட்டும் இடுப்பளவு நீர் இருந்தது. 2003-இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியபோது மாடி நீரைக் கிணற்றுக்குத் திருப்பியிருந்தோம். அதையும் நம் முன்யோசனையின் பலன் என்றே கணக்கில் எழுதிக்கொண்டோம்.

அவ்வாண்டு ரமளான் மே 7-இல் தொடங்கியது. அக்னி நட்சத்திர வெயிலில் நோன்பு. அடுத்த தெருவில் கீற்று வீட்டில் குடியிருந்த ஓர் அம்மையார் ஒருநாள் வாசலில் வந்து நின்றார். "பாய், ரெண்டு குடம் தண்ணி கெடைக்குமா?" என்றார். அன்று கொடுத்தோம். மறுநாளும் கொடுத்தோம். மூன்றாம் நாள் அவரோடு இன்னும் இருவர் வந்தனர். நமக்கு அச்சம் பிறந்தது. கத்தரி பிஞ்சு விட்டிருந்தது. மாங்கன்று மூன்றாண்டுக் கன்று. "கிணற்றில் சேறு வருகிறதம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அது பொய்.

பொய்யைக் காக்க மேலும் வேலை செய்ய வேண்டியிருந்தது. மோட்டார் ஓசை தெருவுக்குக் கேட்கும் என்பதால் அதை நிறுத்தினோம். சுப்ஹு தொழுதவுடன், விடியும் முன், வாளியால் இறைத்துச் செடிகளுக்கு ஊற்றினோம். ராட்டினம் கிறீச்சிடாதிருக்க எண்ணெயும் விட்டோம். மாலையில் அதே தெருவுக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பவும் நாம் தவறவில்லை. அந்த அம்மையார் கஞ்சியை வாங்கிக்கொண்டார். தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

பெருநாளுக்கு முந்திய விடியற்காலை. நோன்பு 29. நாம் இறைத்துக்கொண்டிருந்தோம். நாளைக்கொரு ஜுஸ்உ என்று ஓதிவந்த உம்மா அன்று 29-ஆவது ஜுஸ்உவைப் பின்திண்ணையில் அமர்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். அல்முல்க் அத்தியாயம், நிலத்து நீர் கீழிறங்கிப் போனால் அதை மீட்டுத் தருவார் யார் என்னும் வினாவோடு முடிவுறுகிறது. அடுத்து வருவது அல்கலம். அதில் ஒரு தோட்டத்துச் சொந்தக்காரர்களின் வரலாறு உண்டு. ஏழைகள் எவரும் வந்துவிடக் கூடாதென்று, தமக்குள் மெல்லப் பேசிக்கொண்டு, விடியற்காலையிலேயே அறுவடைக்குப் புறப்பட்டவர்கள் அவர்கள். போய்ப் பார்க்கையில் தோட்டம் இரவோடிரவாக அழிந்துகிடந்தது.

எத்தனையோ ரமளான்களில் கேட்ட வசனங்கள்தாம். ஆயின் அன்று நம் கையில் கயிறு இருந்தது. ராட்டினத்தில் எண்ணெய் இருந்தது. அந்த வரலாறு நம்மைப் பற்றியதாகவே தோன்றிற்று. வாளி கைநழுவிக் கிணற்றில் விழுந்தது. அந்த ஓசையில் உம்மா ஓதுவதை நிறுத்தி நிமிர்ந்தார்கள். "ஏன் வாப்பா, ரூமா கிணற்றை உஸ்மான் ரலியல்லாஹு அன்ஹு எதற்காக விலைக்கு வாங்கினார்கள்?" என்று மட்டும் கேட்டார்கள். மதீனத்து மக்கள் விலையின்றிக் குடிக்கட்டும் என்பதற்காக வாங்கினார்கள் என்பது மதரஸாச் சிறுவனுக்கும் தெரியும். நமக்குத் தெரியாது என்றா கேட்டார்கள்? உம்மா எல்லாவற்றையும் கவனித்தே வந்திருக்கிறார்கள்.

அன்று காலையே அடுத்த தெருவுக்குச் சென்றோம். "கிணற்றில் நீர் இருந்தது அம்மா, இல்லையென்று சொன்னது நம் குற்றம்" என்றோம். அவர் நம்மைக் கடியவில்லை. "தெரியும் பாய், செடிங்கெல்லாம் பச்சையா இருந்துச்சே" என்றார். அந்தச் சொல் இன்றும் நம் செவியில் இருக்கிறது. பெருநாளன்று பின்வாசல் கதவைத் திறந்துவைத்தோம். வீட்டுக்கு இரண்டு குடம் என்று அளவு வைத்தோம். கத்தரியும் வெண்டையும் கருகின. மாங்கன்றுக்குப் பாத்திரம் கழுவிய நீரைக் கொட்டினோம். அது பிழைத்தது. ஜூன் பிற்பகுதியில் முதல் மழை விழும்வரை கிணறு, அடியில் சிறிதேனும் ஊறிக்கொண்டே இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

விளைச்சலுக்குரிய ஜகாத்தில் ஒரு நுட்பம் உண்டு. வான்மழையால் விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கு; உழைத்து நீரிறைத்து விளைத்ததற்கு இருபதில் ஒரு பங்கு. வீட்டுக் கொல்லைக் காய்கறிக்கு அது கடமையா என்னும் சட்ட ஆய்வை ஆலிம் பெருமக்களிடம் விடுவோம். நாம் வியப்பது அந்த அளவுகளிலுள்ள பாடத்தை. எதில் நம் உழைப்பு குறைவோ, அதில் பிறருக்குரிய பங்கு அதிகம். உழைக்காமல் வந்ததே நம்மைக் கூடுதலாகக் கடன்படுத்துகிறது. நம் கிணற்று நீரில் நம் உழைப்பு எவ்வளவு? ஒரு குழாய் பொருத்தியதுதானே! மழை நாம் பெய்வித்ததன்று. துளிர்த்த முருங்கைக்குத் துளிர்க்கும் ஆற்றலை ஈந்ததும் நாமல்லோம். நம் கல்வி, நலம், பெற்றோரின் அரவணைப்பு எனக் கணக்கிட்டால், வாழ்வில் இறைத்துப் பெற்றவை சிலவே. வானத்திலிருந்து இறங்கியவையே பல.

நம் வீட்டுக்கு அருகிலேயே இதற்கொரு சான்று உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு வந்தபோது, அதன் 365 ஏக்கர் வளாகம் புதர்க்காடாக இருந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர்தம் துணைவியார் ஆலிஸும் அங்கே மரங்களை நட்டுப் பேணினர். இன்று அவ்வழிச் செல்வோர் நுகரும் நிழலில் அவர்கள் நட்டதும் உண்டு. இயற்கையாகவே முளைத்து வளர்ந்ததும் உண்டு. எந்த நிழலுக்கும் எவரும் கூலி கேட்பதில்லை. மரம் நட்டவர்க்கு, அதிலிருந்து மனிதரோ பறவையோ உண்பதெல்லாம் தருமமாக எழுதப்படும் என்னும் கருத்தில் அமைந்த நபிமொழியும் நாம் அறிந்ததே.

இப்போது நம் கொல்லையில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஐப்பசி முதல் தை வரை பறிப்பதில் பத்துக்கு ஒன்றும், கோடையில் இறைத்துப் பறிப்பதில் இருபதுக்கு ஒன்றும் எண்ணித் தனியே வைத்துவிடுகிறோம். இது மார்க்கச் சட்டமன்று. நம் மனத்துக்கு நாமே இட்டுக்கொண்ட கடிவாளம். மதிற்சுவரின் வெளிப்புறம் ஒரு குழாய் வைத்திருக்கிறோம். ராட்டினத்துக்கு எண்ணெய் விடுவதை நிறுத்திவிட்டோம்.

2019 ஆடியில் அந்த அம்மையார் ஊருக்குப் போய்த் திரும்புகையில் ஒரு காகிதப் பொட்டலத்தில் அவரை விதை கொண்டுவந்து கொடுத்தார். "வேலியோரம் போடுங்க பாய், நல்லா காய்க்கும்" என்றார். ஆண்டுதோறும் அதிலிருந்தே விதையெடுத்து ஊன்றிவருகிறோம். மார்கழிப் பனியில் அது பூக்கும்போது, வருவோரைக் கொல்லைப்புறம் அழைத்துச் சென்று காட்டத்தான் செய்கிறோம். ஆனால், நம் கையால் வளர்ந்தது என்று இப்போது சொல்வதில்லை.