பதினாலாம் பிறை

மாதந்தோறும் மஃரிபு வேளையில் மேல்வானத்தைத் துருவித் துருவி நோக்கும் நம் சமுதாயம், பதினான்கு நாட்கள் கழித்துக் கீழ்வானில் எழும் முழுமதியை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. தேடிப் பெறும் பொருளுக்கு மதிப்பு மிகுதி. தேடாமலே வாசலில் வந்து நிற்கும் அருளுக்கு மதிப்புக் குறைவு. ஆயினும் மார்கழி முழுமதியொன்று நமக்குக் கற்பித்த பாடத்தை, கிதாபுகளுக்கிடையே கழிந்த இத்தனை ஆண்டுகளிலும் நாம் மறந்திலோம். அதனை வாசக அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

அரபு மொழியில் இளம்பிறைக்கு 'ஹிலால்' என்று பெயர். வளர்ந்தபின் அது 'கமர்', நிறைந்தபின் 'பத்ர்'. 'பத்ர்' என்னும் சொல்லை, முந்துதல் எனப் பொருள்படும் வேருடன் இணைத்து, கதிரவன் மறையுமுன்னே முந்திக்கொண்டு எழுவதால் அப்பெயர் பெற்றது என விளக்குவர் அகராதி ஆசிரியர். பிறை 13, 14, 15 ஆகிய நாட்களை 'அய்யாமுல் பீள்', அதாவது வெண்ணாட்கள் என்பர். அவற்றின் இரவுகள் நிலவால் வெளுத்திருப்பதே காரணம். மாதந்தோறும் அந்நாட்களில் நோன்பு நோற்குமாறு அண்ணலார் (ஸல்) அவர்கள் ஆர்வமூட்டியுள்ளார்கள். அவை குளிர்காலத்தில் வந்தால் நோன்பாளிக்கு இரட்டை ஆதாயம். பகல் குறுகும், இரவு வணக்கத்திற்காக நீளும். நம் தென்கோடியில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வேற்றுமை ஏறத்தாழ ஒரு மணி நேரமே. ஆனாலும் பனிக்காலத்தில் நாவறட்சி அவ்வளவாக வாட்டுவதில்லை.

தமிழ் மண்ணிலும் இம்மதிக்குச் சிறப்புண்டு. முழுமதி எந்த நாண்மீனை ஒட்டி நிற்கிறதோ அதைக்கொண்டே மாதங்கள் அறியப்பட்டன. மார்கழி மதி திருவாதிரையையும், தை மதி பூசத்தையும் ஒட்டி வரும். நாம் பிறந்த இராமநாதபுரக் கடற்கரைக்கு அண்மையில் உத்தரகோசமங்கைத் திருக்கோயில் உள்ளது. அங்குள்ள மரகத நடராசர் திருவுருவின் சந்தனக் காப்பு ஆண்டுக்கொருமுறை, திருவாதிரையை ஒட்டியே களையப்படும். சிறுவயதில் நாம் சுபுஹுத் தொழச் செல்கையில், பனியில் நனைந்தபடி அங்குச் செல்லும் அண்டை வீட்டாரை வழியில் கண்டதுண்டு. அவர்களுக்கும் நமக்கும் வழிபாடு வேறு. வழிகாட்டிய நிலவு ஒன்றே. நம் தமிழ் இலக்கியத்தில், உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் 'மதியை அழைப்பித்த படலம்' என்றே ஒரு பகுதியை அமைத்திருப்பதும் ஈண்டு நினையத்தக்கது.

மார்கழி மதிக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. முழுமதி எப்போதும் கதிரவனுக்கு எதிர்ப்புறத்தில் நிற்பது. மார்கழியில் கதிரவன் தென்திசை சாய்ந்து செல்லவே, மதி வடபால் உயர்ந்து, நம் உச்சிக்கும் சற்று வடக்கே கடந்து, மேற்கிலிருந்து வடக்கே ஒதுங்கி மறையும். நம் கடற்கரையிலிருந்து கஅபாவின் திசையும் மேற்கிலிருந்து வடக்கே 20 பாகைக்குச் சற்று மேல். ஆதலின் மார்கழியில் முழுமதி நாளன்று சுபுஹு வேளையில் திறந்த முற்றத்தில் தொழுகைக்கு நிற்பவர் முன்னே, ஏறத்தாழக் கிப்லாவை ஒட்டியே நிலவு நிற்கும். கோடை முழுமதியோ மேற்கின் தென்புறத்தில் போய் மறையும்.

நிலவு எதிரே நின்றாலும் நம் சிரம் பணிவது நிலவுக்கன்று. கதிருக்கும் மதிக்கும் சஜ்தாச் செய்யாது அவற்றைப் படைத்தவனுக்கே செய்யுமாறு பணிக்கிறது திருமறை. கஅபாவை எழுப்பிய இப்ராஹீம் (அலை) அவர்களும் விண்மீனையும் மதியையும் கதிரையும் நோக்கி, மறையக்கூடியவை இறையாகா எனத் தெளிந்தவர்களே. அன்னார் எழுப்பிய இல்லத்தின் திசையிலேயே மார்கழி மதி இறங்கி மறைவதைக் காணுந்தோறும் அவர்களின் நினைவு நமக்கு எழும்.

இனி நம் கதைக்கு வருவோம். 1998 டிசம்பரில் ரமளான் மார்கழிக்குள் வந்தது. வெளியூரில் பிறை கண்ட செய்தியை ஏற்று நம் காக்கா 20ஆம் தேதி ஞாயிறன்றே நோன்பு பிடித்தார். நம் பகுதியில் பிறை தென்படவில்லை என்று நாம் மறுநாள் தொடங்கினோம். இருவருக்கும் சட்ட நூல்களில் ஆதாரம் உண்டு. தலைப்பிறை உதிக்கும் இடவேறுபாடு பற்றி இமாம்கள் ஆய்ந்து, இருவேறு முடிவுகளையும் கண்ணியத்துடன் எழுதி வைத்துள்ளனர். ஆனால் நமக்கு அப்போது 27 வயது. ஸனது பெற்ற மை உலராத பருவம். ஞாயிறு மாலை காக்காவின் வீட்டுக்குச் சென்று, அவருடைய பிள்ளைகள் பார்த்திருக்க, "இன்று நீங்கள் இருந்தது நோன்பல்ல, வெறும் பட்டினி" என்று கூறிவிட்டோம்.

காக்கா ஒன்றும் மறுமொழி கூறவில்லை. வாப்பா மறைந்தபின் தம் கடைச் சம்பளத்திலிருந்து பணம் அனுப்பி நம்மை மதரஸாவில் ஓதவைத்தவர் அவரே. அவர் பணத்தால் கற்ற கல்வியை அவர் மீதே எறிந்தோம். அன்றிலிருந்து இருவரிடையே பேச்சு நின்றது.

நம் ஊர் வழக்கப்படி ஆண்மக்கள் மனைவி வீட்டில் வாழ்வர். உம்மா நம் தங்கையுடன் இருந்தார். நாள்தோறும் சுபுஹுக்குப் பின் உம்மாவைக் கண்டு ஸலாம் கூறுவது எங்கள் இருவருக்கும் வழக்கம். பேச்சு நின்றபின் ஒருவர் வந்து போனபின்னரே மற்றவர் செல்வது என்றாயிற்று. உம்மாவுக்கு இரு கண்களிலும் புரை படர்ந்திருந்தது. யார் முன்னே சென்றார், யார் பின்னே சென்றார் என்பது தெரியாதென்று நாம் எண்ணிக்கொண்டோம்.

1999 ஜனவரி 2ஆம் நாள் சனிக்கிழமை. தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போதே தங்கை மகன் ஓடிவந்தான். "கண்ணும்மா ஒங்களையும் பெரியமாமாவையும் ஒடனே கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றான். உடல்நலமில்லையோ என அஞ்சி இருவரும் ஒரே தெருவில் ஒன்றும் பேசாது விரைந்தோம்.

உம்மா முற்றத்தில், தொழுத பாயிலேயே அமர்ந்திருந்தார். மேற்குச் சுவருக்கு மேல் நிலவு நின்றது. எங்கள் காலடி கேட்டதும் இரு கைகளையும் நீட்டினார். ஆளுக்கொரு கையைப் பற்றினோம்.

"அங்கே வெள்ளையா நிக்கிறது நிலாவா வாப்பா? இல்லே, என் கண்ணு பண்ற வேலையா?"

"நிலாதான் உம்மா" என்றார் காக்கா.

"ஆமாம் உம்மா, பதினாலாம் பிறை" என்றோம் நாம்.

காக்கா நம்மைத் திரும்பிப் பார்த்தார். "ஒங் கணக்குலே இன்னைக்குப் பதிமூணுதானே, ஆலிம்சா?" என்றார். பதின்மூன்று நாட்களுக்குப் பிறகு அவர் நம்மிடம் கூறிய முதற்சொல் அதுவே. நாம் வெட்கி நின்றோம், பிறகு சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார்.

உம்மா கணக்கு எதுவும் கேட்கவில்லை. "பிறை என் கண்ணுலே பட்டு எத்தனையோ வருசமாச்சு. இதுவாவது தெரியுதே, அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் கூறினார்.

அச்சொல் நம்மை உலுக்கிற்று. முழுமதி இரவொன்றில் பெருமானார் (ஸல்) அவர்கள் மதியை நோக்கி, மறுமையில் நல்லடியார் தம் இறைவனை இவ்வாறே காண்பர் என அறிவித்ததை ஜரீர் (ரலி) அவர்கள் வாயிலாக ஹதீஸ் நூல்கள் தருகின்றன. அதில் வரும் ஒரு சொல்லை 'துளாம்மூன' என அழுத்தி ஓதினால், காண்பதற்காக ஒருவரையொருவர் நெருக்கித் தள்ளமாட்டீர்கள் என்பது பொருள். 'துளாமூன' என மென்மையாக ஓதினால், எவரும் அநீதிக்குள்ளாகிக் காட்சியை இழக்கமாட்டீர்கள் என்பது பொருள். இரண்டு ஓதல்களையும் கரும்பலகையில் எழுதி மாணவர்க்கு விளக்கியவர்கள்தாம் நாம். அதன் பொருளை, புரை படர்ந்த கண்களுடைய உம்மாவின் முற்றத்தில்தான் கற்றோம். பிறையைக் காணக் கூர்ந்த பார்வை வேண்டும், சாட்சி வேண்டும், அதில் கருத்து வேறுபாடும் எழும். முழுமதி அவ்வாறன்று. நெரிசலின்றி, ஒருவர் பங்கை மற்றவர் பறிக்காது, மங்கிய கண்ணுக்கும் அது கிடைக்கிறது.

பிறை பற்றிய சட்டத்தை முழுமதி மாற்றிவிடாது. மதி நிறைந்திருப்பதைக் கொண்டு மாதத்தின் முதல்நாளை நிறுவவும் இயலாது. அவ்வாண்டும் எங்கள் குடும்பத்தில் பெருநாள் இரண்டாகவே வந்தது. ஆனால் காக்காவின் பெருநாளன்று முதல் ஆளாக அவர் வீட்டுக்குச் சென்று, நோன்பாளியாகவே அவரைக் கட்டித் தழுவினோம். அவருடைய பிள்ளைகள் முன்னிலையில் மன்னிப்பும் கேட்டோம். எந்த முன்னிலையில் புண்படுத்தினோமோ, அந்த முன்னிலையில்தானே கேட்க வேண்டும்!

உம்மாவும் காக்காவும் இன்றில்லை. சந்திர ஆண்டு கதிராண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவாதலின் ரமளான் பருவந்தோறும் சுற்றிவந்து, 2030 டிசம்பர் இறுதியில் மீண்டும் மார்கழியை அடையும். இறைவன் அதுவரை ஆயுளை நீட்டினால், சுபுஹுக்குப் பின் அம்முற்றத்தில் சென்று நிற்க எண்ணியுள்ளோம். காக்காவின் மக்களையும் உடன் அழைத்துச் செல்வோம். அன்று பிறை பதின்மூன்றா, பதினான்கா என்று எவரேனும் கேட்டால், இருவர் கணக்கையும் கூறுவோம், இன்ஷா அல்லாஹ்.