கப்பலேறப் போகும் பெண்

"கப்பலாவது, படிப்பாவது! நல்லாத்தானே இருந்தா அந்தப் பொண்ணு?" என்று மாயவரத்திலிருந்து அத்தை போனில் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. முந்தின இரவுதான் அதே கேள்வியை என் கணவரிடம் நான் கேட்டிருந்தேன்!

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், டென்வரில். சுற்றிலும் மலை, கடலைப் பார்ப்பதென்றால் விமானம் ஏற வேண்டும். 2018 கோடை விடுமுறைக்கு வந்த என் மகள், சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சாவதானமாகச் சொன்னாள்: "அம்மா, வர்ற ஜனவரியிலே ஒரு செமஸ்டர் கப்பல்ல படிக்கப் போறேன். உலகத்தையே ஒரு சுத்து." எனக்குக் கரண்டி கை நழுவியது.

'செமஸ்டர் அட் ஸீ' என்று பெயர். 1963-ல் தொடங்கிய ஏற்பாடு. கப்பலே கல்லூரி. கடலில் போகும் நாளெல்லாம் வகுப்பு. சனி ஞாயிறு கிடையாது. துறைமுகம் வந்தால் இறங்கி ஊர் பார்க்கலாம். 2016-ல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் மதிப்பெண் வழங்கத் தொடங்கியது. இவள் போகும் பயணத்தில் ஹவாய், ஜப்பான், சீனா, வியட்நாம், மியான்மர், நம் கொச்சி, மொரிஷியஸ், தென்னாப்பிரிக்கா, கானா, மொராக்கோ என்று போய் ஐரோப்பாவில் இறக்கிவிடுவார்கள். நூறு நாளுக்கு மேல்!

இந்தக் கப்பல் படிப்புக்குப் பின்னால் ஒரு சோகக் கதையும் உண்டு. ஹாங்காங்கின் கப்பல் முதலாளி சி.ஒய். டங், புகழ்பெற்ற 'குவீன் எலிசபெத்' கப்பலை வாங்கி மிதக்கும் பல்கலைக்கழகமாக மாற்றிக்கொண்டிருந்தார். 1972 ஜனவரியில் ஹாங்காங் துறைமுகத்திலேயே அது எரிந்து சாய்ந்துவிட்டது. மனிதர் சளைக்கவில்லை, வேறு கப்பல் கொடுத்தார்.

இதையெல்லாம் தேடிப் படித்த நான், அதோடு நிறுத்தியிருக்கலாம். 2005 ஜனவரியில் வட பசிபிக்கில் ஐம்பதடி அலை ஒன்று இவர்களுடைய அன்றைய கப்பலின் மேல்தளக் கண்ணாடிகளை உடைத்த செய்தியும் கண்ணில் பட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை, ஹோனலூலுவில் ஒதுங்கிப் பழுது பார்த்தார்கள். ஆனாலும் இரண்டு நாள் தூக்கம் போயிற்று. "அதுக்கப்புறம் எத்தனை தடவை சுத்தி வந்தாச்சும்மா" என்றாள் மகள். அவளுக்கென்ன!

விசா, படிவம், காப்பீடு எல்லாம் தகப்பனும் மகளும் பார்த்துக்கொண்டார்கள். என் தலையில் விழுந்தது ஊசியும் மருந்தும். அங்கேதான் சிக்கல் வந்தது.

கானாவில் இறங்க மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட சான்று கட்டாயம். ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் அது செல்லுபடியாகும். ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும் என்று 2016-ல் விதியை மாற்றியிருக்கிறார்கள். படிவத்தில் ஒரு கேள்வி: 'முட்டை ஒவ்வாமை உண்டா?' அந்தத் தடுப்பு மருந்தைக் கோழிமுட்டைக் கருவில்தான் வளர்க்கிறார்களாம்.

எனக்குப் பத்து மாதக் குழந்தை கண் முன்னால் வந்து நின்றது. ஒரு ஸ்பூன் அவித்த முட்டை ஊட்டினேன். கால் மணியில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இரைத்து... அந்த ஆஸ்பத்திரி ஓட்டத்தை எந்தத் தாய் மறப்பாள்? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முட்டை நுழைந்ததில்லை.

"ஊசி வேண்டாம், கப்பலும் வேண்டாம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டேன். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாக, "அம்மா, திட்டாதே. ஹாஸ்டல்ல ரெண்டு வருஷமா ஆம்லெட் சாப்பிடறேன். ஒண்ணும் ஆகலே" என்றாள்.

கோபமா, நிம்மதியா, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. வருஷக்கணக்காகக் கேக் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துப் படித்துக் கண் வலித்தவள் நான்!

ஒவ்வாமை டாக்டரிடம் போனோம். குழந்தையில் வரும் முட்டை ஒவ்வாமை பலருக்கு வளர வளரத் தானே போய்விடுமாம். அரைகுறையாக வெந்த முட்டை ஒத்துக்கொண்டால் இந்த ஊசியும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் என்றார். ஆனாலும் என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, முதலில் தோலில் சோதனை செய்தார். தடிப்பு வரவில்லை. (வீட்டில் நாமே ஊட்டிப் பார்க்கிற காரியம் மட்டும் வேண்டாம், சகோதரிகளே.) அந்த வருஷம் அமெரிக்காவில் அந்த மருந்துக்குத் தட்டுப்பாடு, குறிப்பிட்ட சில கிளினிக்குகளில்தான் கிடைத்தது. ஒரு மணி நேரம் காரில் போய்ப் போட்டுக்கொண்டாள். பிறகு அரை மணி அங்கேயே உட்கார வைத்தார்கள். அவள் போனை நோண்டினாள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் அட்டையைக் கையில் வாங்கிய பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

மலேரியாவுக்குப் பயணிகளுக்கு ஊசி இல்லை, மாத்திரை. இவளுக்குக் கொடுத்ததை அந்த ஊருக்குப் போக இரண்டு நாள் முன்பே தொடங்கித் தினம் ஒன்று, விட்டு வந்த பிறகும் ஏழு நாள் சாப்பிட வேண்டும். மாத்திரைக்கு மாத்திரை இந்தக் கணக்கு மாறும். டாக்டர் சொன்னபடிதான் செய்ய வேண்டும். சாதாரண ஜலதோஷ மாத்திரையிலும் கவனம் வேண்டியிருக்கிறது. மூக்கடைப்புக்கான சூடோஎபிட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் கலந்த மாத்திரையை ஜப்பானுக்குள் கொண்டு போகக் கூடாது. நான் எடுத்து வைத்த டப்பாவில் அது இருந்தது! எடுத்துவிட்டேன். மற்ற மருந்துகளை மேல் உறையோடு, டாக்டர் சீட்டோடு வைத்தேன். மாதவிலக்குக்கான நாப்கின் மூன்றரை மாதத்துக்கும் சேர்த்து. அயல் துறைமுகத்தில் கடை தேடி அலைய முடியுமா?

அறை சின்னது. சுவர் இரும்பு என்பதால் ஆணி கிடையாது. காந்தக் கொக்கிகள் வாங்கினோம். இஸ்திரிப் பெட்டி கூடாது. என் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் "வேண்டவே வேண்டாம்" என்று திரும்பி வந்தன. சுக்குப் பொடியும் உப்பு நார்த்தங்காயும் மட்டும் குமட்டலுக்கு என்று சொல்லித் திணித்தேன். கடல் மயக்கத்துக்கு மாத்திரை உண்டு. அலை வருவதற்கு முன்பே போட வேண்டுமாம், வந்த பின் போட்டால் அவ்வளவாகப் பயனில்லை. எது கேட்கிறதோ, இரண்டும் இருக்கட்டும்.

புறப்படும் முன்தினம் பெட்டியின் எடை அதிகமாகிவிட்டது. எதைக் கழிப்பாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு ஜோடி செருப்பை எடுத்து வெளியே வைத்தாள். நார்த்தங்காய்ப் பாட்டிலைத் தொடவில்லை.

அப்போது போன் அடித்தது. அத்தைதான்.

"ஏம்மா, கப்பல் கொச்சியிலே எத்தனை நாள் நிக்கும்? தேதியைக் கேட்டுச் சொல்லு. நான் ரயிலுக்குச் சீட்டு எடுக்கணும், முறுக்குக்கு மாவு அரைக்கணும்."