பானை வேறானாலும் பந்தி ஒன்றே

சிங்கப்பூரில் ஹலால் சாப்பாடு கிடைக்காமல் யாரும் பட்டினி கிடந்ததில்லை. 1968இல் அமைந்த முயிஸ் என்னும் இஸ்லாமிய சமய மன்றம் 1978 முதல் ஹலால் சான்றிதழ் கொடுத்துவருகிறது. சான்றிதழ் வாங்காமல் அந்த முத்திரையைப் போட்டுக்கொண்டால் பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்டு முடித்த தட்டை வைக்கும் அடுக்குகூட ஹலாலுக்குத் தனி, மற்றதற்குத் தனி. கல்யாணமாகிக் கடையநல்லூரிலிருந்து இங்கே வந்து இறங்கியபோது, இந்த ஏற்பாடுகளைப் பார்த்து எனக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் அது பிறவி முஸ்லிமின் நிம்மதி. கலிமா சொல்லிப் புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்களோடு பழக ஆரம்பித்த பிறகுதான், முத்திரை தீர்த்துவைக்கும் பிரச்சினை சின்னது என்று தெரிந்தது. எதைச் சாப்பிடுவது என்பதை ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான் அவர்களை வாட்டுகிறது.

புதியவர்களுக்கென்றே ஓனான் ரோட்டில் தாருல் அர்க்கம் சங்கம் இருக்கிறது. மார்க்கத்தை ஏற்பதற்கான பதிவும் தொடக்க வகுப்புகளும் அங்கே நடக்கின்றன. வகுப்பு முடித்தவர்கள் சிலர் எங்கள் வட்டாரப் பள்ளிவாசலுக்கு வருவார்கள். அங்கே வார இறுதிகளில் சமையலுக்குக் கைகொடுப்பவர்களில் நானும் ஒருத்தி. வருகிறவர்களில் சீனர்கள் உண்டு, நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. கலிமா சொன்ன அன்று ஆளாளுக்குக் கட்டித் தழுவி வாழ்த்துவோம். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை மதியம் யாரோடு சாப்பிட்டது என்று கேட்க நமக்கு நேரம் இருக்காது.

பன்றிக்கறியை விடுவது பலருக்கும் பெரிய பாடாக இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருப்பவைதான் பாடு. வேகவைத்த மீனில் ஹுவா தியாவ் என்னும் சீன மது இருக்கும். வறுத்த க்வே தியாவில் பன்றிக்கொழுப்பு. மெல்லும் மிட்டாயில் ஜெலட்டின். சிக்கன் ரைஸில் கோழியை மட்டும் ஒதுக்கினால் போதாது. அந்தச் சோறே கோழிக்கொழுப்பில் வெந்தது. கோழி முறைப்படி அறுக்கப்படவில்லை என்றால் சோறும் கூடாது. ‘பன்றி இல்லை, பன்றிக்கொழுப்பு இல்லை’ என்று பலகை வைத்த கடையை நம்பி உள்ளே போகும் புதியவர்களுக்கு, அந்தப் பலகை சான்றிதழ் ஆகாது என்பதை யாராவது சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டமாகக் கிளம்பும்போது, ‘எனக்கு இங்கே வேண்டாம்’ என்று தினமும் சொல்லிப் பாருங்கள். ஒரு மாதத்தில் கூப்பிடுவதையே விட்டுவிடுவார்கள். இதற்கு ஒரு கெட்டிக்காரப் பையன் கண்டுபிடித்த வழி தோசைக்கடை. 1947இலிருந்து சிராங்கூன் சாலையில் இருக்கும் கோமள விலாசுக்கு மொத்த அலுவலகத்தையும் இழுத்துப்போய்விடுவான். சைவ ஓட்டல் ஒரு சீன முஸ்லிமுக்குப் புகலிடமாவது இந்த ஊரில்தான் நடக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. எங்கள் பக்கத்து ராவுத்தர்கள் ஹனஃபி மத்ஹப் என்னும் சட்டப் பிரிவைப் பின்பற்றுகிறவர்கள், நண்டைத் தொடமாட்டோம். இந்த ஊர் மலாய் முஸ்லிம்கள் ஷாஃபியிகள். அவர்களுக்கு நண்டு கூடும். ஒருநாள் விருந்தில் சில்லி நண்டு வந்தது. புதிதாக மார்க்கத்துக்கு வந்த சீனத் தாதிப் பெண் ஓட்டை உடைத்துக்கொண்டே கேட்டாள், “ஆன்ட்டி, இது ஹலால்தானே? நீங்க ஏன் எடுக்கல?” எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். “அப்ப ரெண்டு பேரும் சரியா?” என்றாள். சரிதான் என்றேன். கைப்பேசியில் எவர் எவரோ பேசிய காணொளிகளைப் பார்த்துப் பயந்துபோயிருந்தவள் அவள். மார்க்கத்துக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்பதை அவளுக்குக் காட்டியது ஒரு நண்டு.

அவள் வீட்டுக் கதையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நிறைவடையாது. சீனர்களுக்குப் புத்தாண்டுக்கு முந்தின இரவு விருந்துதான் ஆண்டின் பெரிய விருந்து. எங்கே இருந்தாலும் பிள்ளைகள் பெற்றோர் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் என்று ஷாஃபி மத்ஹபில் சட்டம் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு அந்தப் பெண் தாயின் இரும்புச் சட்டியை எடுத்து மண் போட்டுத் தேய்க்கக் கிளம்பினாள். அந்த அம்மா கேட்ட கேள்வியை அவள் என்னிடம் சொல்லும்போது அழுதாள்: “இத்தனை வருஷம் நான் உனக்கு ஆக்கிப் போட்டதெல்லாம் அழுக்கா?”

சட்டியைக் கழுவாதே, புதுசாக ஒன்று வாங்கிக்கொண்டு போ என்றோம். உஸ்தாதும் அதையே சொன்னார். ஸ்டீம்போட் பானை, கரண்டி, கிண்ணம் எல்லாம் புதிதாக வாங்கினாள். கோழி, மீன் உருண்டை, இறால், தௌஃபு என்று ஹலாலாகப் பார்த்துச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அந்த ஆண்டு அவள் பானை மேசையின் ஓரத்தில் தனியாகக் கொதித்தது. அப்பா பேசவே இல்லை. மறு ஆண்டு புத்தாண்டுக்கு முன்னால் அந்த அம்மாவைப் பேரங்காடியில் பார்த்தேன். சோயா சாஸ் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கி, முத்திரையைத் தேடிக்கொண்டிருந்தார். இடத்தைக் காட்டிக்கொடுத்தேன். அந்த ஆண்டு விருந்து இரவில் மொத்தக் குடும்பமும் மகளின் பானையில்தான் சாப்பிட்டது. பன்றிக்கறி வேண்டியவர்களுக்கு அது வேறொரு மேசையில் இருந்தது.

இதில் மகளும் சட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை, தாயும் தாய்மையை விட்டுக்கொடுக்கவில்லை. அபூபக்கரின் மகள் அஸ்மா, இஸ்லாத்தை ஏற்காத தன் தாய் வீடு தேடி வந்தபோது உறவு பேணலாமா என்று நபிகள் நாயகத்திடம் கேட்டார். பேணும்படியே பதில் வந்தது. இதைப் புதியவர்களுக்கு முதல் பாடமாகச் சொல்ல வேண்டும். நாமோ தடைப் பட்டியலைத்தான் முதலில் நீட்டுகிறோம்.

தமிழ்ப் பிள்ளைகளின் கதை வேறு. இந்து வீட்டில் மாட்டுக்கறி இல்லை. பெரும்பாலும் பன்றியும் இல்லை. தேக்கா சந்தையில் அம்மா ஆடு வாங்குவது முஸ்லிம் கடையில்தான். ஆகவே கறிக்குழம்பில் சிக்கல் இல்லை, படையலில்தான் சிக்கல். ஆடி மாதமும் தீபாவளியும் முன்னோருக்குப் படைத்த பிறகே இலை போடும் வீடுகளில், சாமிக்கு வைத்ததை மகன் தொடாமல் எழுந்தால் அது சாப்பாட்டு விஷயமாக நிற்காது. படைப்பதற்கு முன்பே மகனுக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடும் அம்மா ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் எந்த உஸ்தாதும் பேசவில்லை. பெற்ற மனம் தானே கண்டுபிடித்த வழி அது.

கல்யாண விருந்துகளில் இன்னொரு காட்சி. பத்துப் பேர் அமரும் வட்ட மேசையின் நடுவே சுழலும் தட்டில் எட்டு வகை உணவு வரும். அண்ணன் கல்யாணத்துக்கு வந்த தம்பிக்கு மட்டும் ஹலால் கடையிலிருந்து வரவழைத்த பெட்டிச் சாப்பாடும் பிளாஸ்டிக் கரண்டியும். மரியாதையாகத்தான் செய்கிறார்கள். ஆனாலும் எல்லாரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும் மேசையில் தனிப்பெட்டியைத் திறப்பவனுக்கு மனசு என்னவோ செய்யும். மது ஊற்றும் மேசையில் உட்காரக் கூடாது என்பதால் பாதியில் எழுந்து வரவேண்டியும் இருக்கும். இந்த நிலையைக் கேட்டு, ஹலால் சான்றிதழ் பெற்ற சீன உணவகத்திலேயே விருந்தை வைத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு.

வீட்டுப் பக்கம் இப்படி என்றால், நம் பக்கம் எப்படி? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே முஸ்லிம்கள் 15.6 விழுக்காடு. மலாய்க்காரர்கள் ஏறக்குறைய அனைவரும் முஸ்லிம்கள், இந்தியர்களில் 23.4 விழுக்காடு. இதனால் மதம் மாறினால் மலாய்க்காரராகிவிட்டார் என்று பேசும் பழக்கம் இன்னும் போகவில்லை. முக்காடு போட்ட சீனப் பெண்ணிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, “கல்யாணத்துக்காக மாறினீங்களா?” இரண்டாவதாக அவள் தட்டைப் பார்ப்போம். நம் வீட்டுப் பையன் முத்திரை இல்லாத கடையில் கேக் வாங்கித் தின்றால் கேட்க ஆளில்லை. புதியவள் வாங்கினால் பாடம் நடத்த நாலு பேர் வந்துவிடுவார்கள்.

நோன்பு மாதத்தில் இந்தத் தனிமை இன்னும் கூடும். அடுக்குமாடி வீட்டில் எல்லாரும் தூங்கும்போது, சத்தம் வராமல் மைக்ரோவேவில் ஓட்ஸ் சூடாக்கி சஹர் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாலையில் மட்டும் பள்ளிவாசல்கள் கைகொடுக்கும். சவுத் பிரிட்ஜ் சாலையில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் நம் ஊர் நோன்புக் கஞ்சியைச் சீன இளைஞர்களும் வரிசையில் உட்கார்ந்து குடிப்பதைப் பார்க்கலாம். பெருநாள் அன்றுதான் கொடுமை. தொழுகை முடிந்ததும் நாமெல்லாம் உறவினர் வீடுகளுக்குக் கிளம்பிவிடுவோம். அவர்களுக்குப் போக வீடு இருக்காது. சீனர்களின் சிவப்பு உறையைப் பார்த்துப் பழகிப் பெருநாளில் பச்சை உறையில் காசு கொடுக்கக் கற்றுக்கொண்ட சமூகம் இது. சீன முஸ்லிமை வீட்டுக்கு அழைக்க மட்டும் ஏனோ தயங்குகிறது.

1996 முதல் 1998 வரை மூன்று ஆண்டுகள் சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் ஓரிரு நாள் இடைவெளியில் வந்தன. 2029இல் மறுபடியும் அப்படி வரப்போகிறது. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் பள்ளிவாசலில் புதிதாக வந்தவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். வரும் நோன்பில் ஒரு மாலையாவது அவரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், பெருநாளுக்கும் கூப்பிடுங்கள். முடிந்தால் அவருடைய அப்பா அம்மாவையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். ஏன் மாறினீர்கள் என்று கேட்காதீர்கள். என்ன பிடிக்கும் என்று கேளுங்கள்.